திருக்கைக் காரும் எங்கள் அண்ணாவும்

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் முதலில் என் வணக்கம். அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். மாதாவோ சிலுவையோ இருக்க வேண்டிய இடத்தில் அண்ணா ஒரு நீலக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இந்தப் படம் வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். பங்குத் தந்தையும் கொஞ்சம் யோசித்தார். "அவர் வேறை எந்தப் படத்திலை இப்பிடிச் சிரிச்சிருக்கிறார், காட்டுங்கோ பாப்பம்" என்று மச்சாள் கேட்டார். மச்சாள் என்று நான் எழுதுவது அண்ணாவின் மனைவியை. அவர் அப்படிக் கேட்ட பிறகு இந்தப் படமே அட்டைக்குப் போனது.

அண்ணா மன்னார்த் தீவின் வடகரையில் பிறந்தவர். வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. எங்கள் அப்பா கடலுக்குப் போனவர். மூத்த மகனும் தன்னோடு வருவான் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் படகில் கால் வைத்தாலே அண்ணாவுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். கரையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். அப்பா சில தடவை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். கடைசியில், பைபர் படகு செய்யும் ஒரு வாடியில், கரையோரக் கொட்டிலில், அண்ணாவை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பசையைத் தூரிகையால் பூசி, காய்ந்த பிறகு மேலே இன்னொரு பாயை விரிக்கும் வேலை அது. நார்த் தூசி தோலில் ஏறினால் இரவெல்லாம் சொறியும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு கிணற்றடியில் நிற்கும் அண்ணாவைத்தான் என் சின்ன வயதில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போக முடியாத மனிதர், கடலுக்குப் போகிறவர்களுக்குப் படகு செய்தார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

அந்த வேலையை நம்பித்தான் கல்யாணம் கட்டினார். மகள் பிறந்து தவழத் தொடங்குமுன்னரே சண்டை தீவுக்குள் வந்துவிட்டது. வாடி எரிந்தது. மச்சாள் கைக்குழந்தையோடு மடு மாதா கோயிலுக்குப் போய் அகதிகளோடு அகதியாக இருந்தார். அண்ணா எங்கெங்கோ சுற்றி இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். வந்த கதையை அவர் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இரண்டொரு வருடம் கழித்து என்னையும் இங்கே எடுப்பித்தார். பலெர்மோவில் அவர் செய்யாத வேலை இல்லை. மொண்டெல்லோக் கடற்கரைக் கடையில் கோப்பை கழுவினார், கபோ சந்தையில் பெட்டி தூக்கினார், பிறகு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்யோராவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கணவரை இழந்து தனியாக இருந்த அந்த அம்மாவுக்குச் சமைத்து, வீடு துடைத்து, கடைக்குப் போய் வந்து, அவரது சின்னக் காரையும் ஓட்டினார். அந்த வீட்டிலேயே ஒரு அறையும் கிடைத்தது.

அந்த வீட்டின் கீழே ஒரு கராஜ் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைக் கூட்டப் போன அண்ணா, துணி போர்த்தியிருந்த சிவப்புக் கார் ஒன்றைக் கண்டார். தூசி தட்டும்போது விரல் முட்டி அதில் பட்டது. தகரச் சத்தம் வரவில்லை. மறுபடி தட்டிப் பார்த்தார். அன்றைக்கே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, இஞ்சை ஒரு கார் நிக்குது. பைபரிலை செய்தது. சத்தியமா, எங்கட போட் மாதிரி!"

"உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லைத்தானே அண்ணா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அதன் பிறகு அந்தக் காரின் கதையைக் கேட்காமல் அண்ணாவின் கையால் ஒரு தேநீர் குடித்தவர் எங்கள் ஆட்களில் யாரும் இருக்க முடியாது. சின்யோராவின் கணவர் வைத்திருந்த பழைய சஞ்சிகைகளைச் சின்யோரா வாசித்துச் சொல்ல, அண்ணா மனப்பாடமாக்கி வைத்திருந்தார். உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், ஐரோப்பாவில் கண்ட சின்னச் சின்னத் திறந்த கார்களில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டுப் போனார்களாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே என்று அமெரிக்கர்கள் ஐம்பத்து மூன்றாம் ஆண்டு செய்த கார்தான் கோர்வெட். அது ஒரு வகைச் சின்னப் போர்க்கப்பலின் பெயர். இரும்புத் தகட்டை வளைக்க அச்சுகள் செய்து முடிய நாளெடுக்கும் என்பதால் உடம்பைக் கண்ணாடி நாரில் செய்தார்கள். முதல் வருடத்துக் கார்கள் எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு, பெரும்பாலும் கைவேலை. "அங்கையும் எங்களை மாதிரி ஆரோ சொறிஞ்சு சொறிஞ்சுதான் செய்திருப்பாங்கள்" என்பார் அண்ணா. பார்க்க அழகாக இருந்ததே தவிர எஞ்சின் சோம்பல். வாங்க ஆளில்லாமல், கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. பிறகு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினார்கள், கார் பிழைத்துக்கொண்டது. இந்த இடத்தில் அண்ணா எப்போதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

அறுபத்து மூன்றில் அதற்குப் புது உருவம் வந்தது. சின்யோராவின் கராஜில் நின்றது அந்த வருடத்துக் கார். அதற்கு அவர்கள் வைத்த பேர் திருக்கை மீனின் பேர். இதைக் கேட்ட அன்றைக்கு அண்ணா பட்ட சந்தோஷத்தை மன்னாரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "தாங்கள் பிடிக்கிற மீனின்ர பேரை ஒரு காருக்கு வைச்சிருக்கிறாங்கள் எண்டு அப்பாவுக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். உண்மையாகவே அது திருக்கைதான். முன்பக்கம் தட்டையாகத் தாழ்ந்து, பக்கங்கள் செட்டை விரித்தாற்போல் எழும்பி, முதுகு ஒடுங்கிப் பின்னால் போகும். விளக்குகள் உள்ளே சுழன்று மறைந்து, வேண்டும்போது திரும்பி வெளியே வரும். பின் கண்ணாடியை நடுவில் ஒரு முதுகெலும்பு இரண்டாகப் பிரித்திருக்கும். பின்னால் வருவது தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் முறையிட, அடுத்த வருடமே அந்த எலும்பை எடுத்துவிட்டார்கள். பழைய காரை வைத்திருந்தவர்களிலும் சிலர், புதுசு போல் இருக்கட்டும் என்று தங்கள் காரின் எலும்பை வெட்டி எறிந்தார்கள். பிற்காலத்தில் எலும்பு உள்ள காரைத்தான் உலகமெல்லாம் தேடித் திரிந்ததாம். வெட்டியவர்களை நினைத்து அண்ணாவுக்குப் பெரிய இரக்கம்.

இந்தக் காரின் முன் நின்று எடுத்த படம் ஒன்றை அவர் மடுவுக்கு அனுப்பினார். அப்பாவின் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு படம் வேண்டும் என்று மச்சாள் கேட்டிருந்தார். பிள்ளைக்கு முகத்தை விடக் கார்தான் பிடித்துப்போனது. மடுவில் இருந்தவர்களுக்கெல்லாம் "இதுதான் எங்கட கார்" என்று காட்டித் திரிந்தாளாம். அதைக் கேட்டு அண்ணா சிரிப்பார். ஆனால் மகளுக்குத் தன்னைத் தெரியாது என்பதுதான் அவரை அரித்தது. சம்பளம், சாப்பாடு, உடம்பு எதைப் பற்றியும் முறையிடாதவர், இது ஒன்றை மட்டும் என்னிடம் சொல்வார். "வளர்ந்தாப் பிறகு வந்தாளெண்டால் நான் ஆரோ ஒரு ஆள்தான், தங்கச்சி."

அவர்களை இங்கே எடுக்க வழி பிறந்த அதே வருடம்தான் எனக்கும் கல்யாணம் வந்தது. அண்ணாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, சரியாகிவிட்டது. இனி மனைவியும் பிள்ளையும் வந்தால் தங்க இடம் இருக்கிறது என்று சின்யோரா தன் வீட்டைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கிறேன் என்று அவரும் சொல்லி, அண்ணாவோடு கெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்குப் போக ஒரு புதன்கிழமையும் குறித்தாகிவிட்டது. என் கல்யாணம் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.

"உன் தங்கையை எதில் கூட்டிப்போகிறாய்?" என்று சின்யோரா கேட்டிருக்கிறார். வாடகைக்கு ஒன்று பார்த்திருக்கிறேன் என்றார் அண்ணா. சின்யோரா கராஜ் திறப்புக் கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கோடைக்கு மொண்டெல்லோ வீட்டுக்குப் போய்விட்டார்.

கார் வந்து வாசலில் நின்ற பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. அதில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் ஓட்டுபவர், மற்றதில் நான். மணத்தோழிக்கு இடமில்லை. என் கணவரின் பெரியம்மா கொதித்துப் போனார்.

"பொம்பிளையைத் தனிய அனுப்புறதோ? எங்கட ஆக்களிலை இப்பிடி நடந்ததே?"

"தனிய எங்கை போறாள்? நான் இருக்கிறன்தானே" என்றார் அண்ணா.

அப்பா உயிரோடு இல்லை. அம்மாவும் அக்காமாரும் தூரத்தில். அந்தக் காருக்குள் என்னுடைய குடும்பம் என்று இருந்தது அண்ணா ஒருவர்தான். கோயில் கபோவுக்குள் இருந்தது. அந்த ஒடுங்கிய சந்தை ஒழுங்கைக்குள் திருக்கை நுழைந்ததும் மரக்கறிக்காரர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டார்கள், மீன்காரர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கும்பிட்டார், பெண்கள் மாடியில் நின்று கை தட்டினார்கள். கோயில் வாசலில் இறங்க முடியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. நிலத்தோடு நிலமாகக் கிடக்கும் அந்த இருக்கையில் இருந்து, சேலையும் முக்காடுமாக என்னைப் பெரியம்மாதான் இரண்டு கையையும் பிடித்து இழுத்தெடுத்தார். முழுக் கோபத்தையும் அதில் காட்டினார்.

கார் வந்தால் எங்கள் ஆட்களுக்குச் சோடிக்காமல் இருக்க முடியாது. பூவையும் ரிப்பனையும் எதால் ஒட்டுவது என்று இளந்தாரிகள் கேட்டபோது, "டேப்பாலை ஒட்டுங்கோடா. பைபர்தானே, ஒண்டும் ஆகாது" என்று சொன்னவர் அண்ணாவேதான். எங்கள் படகுகளில் நிறம் பசையோடேயே கலந்திருக்கும். என்ன ஒட்டினாலும், எதால் சுரண்டினாலும் உரியாது. அந்த நம்பிக்கையில் சொன்னார். கார் அப்படியில்லை. அதில் நிறம் மேலே பூசியது. சிசிலிய வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த டேப்பை, விருந்து நடுவில் வெளியே வந்து அண்ணா தன் கையாலேயே இழுத்தார். சிவப்பும் சேர்ந்து வந்தது. எஞ்சின் மூடியின் மேல் அகலமாக, நீளமாக, பல இடங்களில்.

அவர் உள்ளே வந்து விருந்தாளிகளுக்குச் சோறு போட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அழத் தொடங்கிவிட்டேன். என் கணவர் ஒரு வழி சொன்னார்.

"மச்சான், அவ மொண்டெல்லோவிலைதானே நிக்கிறா. எனக்குத் தெரிஞ்ச பெயின்ரர் ஒருத்தர் இருக்கிறார். புதன்கிழமைக்கு முதல் பூசிப்போடலாம். கையெழுத்து விழட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"என்னை நம்பித் திறப்பைத் தந்தவ. பூசிப்போட்டு அவவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"அப்ப பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

அண்ணா உரிந்த டேப்பில் ஒரு துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். கல்யாணம் முடிந்த மறுநாள் பொம்பிளை வெளியே போகக்கூடாது என்று பெரியம்மா சத்தம் போட, நானும் அண்ணாவின் பின்னால் ஓடினேன்.

சின்யோரா மொண்டெல்லோ வீட்டு விறாந்தையில் விசிறியோடு இருந்தார். அண்ணா டேப்பை அவர் முன் மேசையில் விரித்தார். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் நடந்ததைச் சொன்னார். யாரையும் சாட்டவில்லை, வெயிலைக்கூடச் சாட்டவில்லை. சின்யோரா அந்தச் சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கீழே என்ன நிறம்?" என்று கேட்டார்.

"நீலம், சின்யோரா. வெள்ளி கலந்த மாதிரி ஒரு நீலம்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, செபம் சொல்லியிருப்பார். சின்யோரா திரும்பி வந்தபோது செருப்பு மாற்றி, கைப்பையும் எடுத்திருந்தார். "வாருங்கள், போய்ப் பார்ப்போம்" என்றார்.

கராஜில் அவர் மூடியில் கை வைத்தபடி நின்றதை இப்போதும் காண்கிறேன். அமெரிக்காவுக்குப் போன, கணவரின் சிறிய தந்தை ஒருவர் அனுப்பிவைத்த கார் அது. துறைமுகத்தில் இறங்கியபோது நீலமாகத்தான் இருந்ததாம். அந்த நீலக் காரில்தான் சின்யோராவை முதன்முதல் கடற்கரைக்குக் கூட்டிப் போனார் பிற்பாடு கணவரானவர். பந்தயக் கார் என்றால் சிவப்பாக இருக்க வேண்டாமா என்று கூட்டாளிகள் கிண்டல் பண்ண, கல்யாணத்துக்கு முந்திய வாரம் அவசர அவசரமாகச் சிவப்பு அடித்துக்கொண்டு வந்து நின்றாராம். "கோயிலுக்குப் போகும் வழி முழுக்க நான் அவனோடு பேசவில்லை" என்றார் சின்யோரா. சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"மிச்சத்தையும் உரி" என்று அண்ணாவிடம் சொன்னார்.

அண்ணா தயங்கித் தயங்கி, "புதன்கிழமை கெஸ்தூராவுக்கு..." என்று தொடங்கினார்.

"புதன்கிழமை எட்டு மணிக்கு. அதற்கும் காருக்கும் என்ன?" என்று சின்யோரா கேட்டார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அண்ணாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனார்.

அந்தக் கோடை முழுக்க அண்ணா சிவப்பை உரித்தார். ஓய்வு நேரமெல்லாம் கராஜில்தான். பழையபடி சொறியத் தொடங்கியதும் என்னிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினார். குளிர் தொடங்குமுன் கார் நீலமாகிவிட்டது. அட்டையில் உள்ள படம் அப்போது எடுத்தது.

அந்த வருடம் மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்குச் சற்று முன் மச்சாளும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். சின்யோரா தானே அந்த நீலக் காரை ஓட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்தார், பக்கத்தில் அண்ணா. மச்சாளையும் அவர் மடியில் பிள்ளையையும் ஏற்றி அண்ணா காரில் கூட்டிப் போகட்டும், தான் பஸ்ஸில் வருகிறேன் என்பது அவரது ஏற்பாடு. நானும் என் கணவரும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு அண்ணாவைப் பார்த்தாள். கையில் அந்தப் பழைய படம்.

"இஞ்சை பாருங்கோ, இவர்தான் அப்பா. அங்கை கார் நிக்குது" என்று நான் காட்டினேன்.

அவள் காரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "எங்கட கார் சிவப்பு" என்றாள். "இது வேறை ஆக்களின்ர கார். நான் ஏறமாட்டன்."

அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது. கார் வேறென்றால் ஆளும் வேறுதானே. மச்சாள் அதட்ட, பிள்ளை அழ, அண்ணா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பெட்டிகளை வைக்கவும் அந்தக் காரில் வழியில்லை. பின்பக்கம் திறக்காது, எல்லாவற்றையும் இருக்கைக்கு மேலால்தான் தள்ள வேண்டும். கடைசியில் நாங்கள் எல்லோரும் பெட்டியும் கருவாட்டுப் பார்சலுமாக பஸ்ஸில் ஏறினோம். சின்யோரா வெறுங்காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். பொலிதேயாமா நெருங்கும்போது முதல் முறையாக அண்ணாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்த அம்மம்மா ஏன் எங்களுக்குப் பின்னாலை வாறா?"

"எங்களை விட்டிட்டுப் போக அவவுக்கு மனமில்லை" என்றார் அண்ணா.

பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், எங்களை விட வேகமாக இத்தாலியன் பிடித்தாள், சின்யோராவின் செல்லமானாள். அந்த நீலக் காரிலும் ஏறினாள். ஆனால் அண்ணாவை "அப்பா" என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கூப்பிடாமலே கதைப்பாள். தாயிடம் "இவர் சாப்பிட்டாரோ?" என்று கேட்பாள். மச்சாள் திருத்தப் போனால் அண்ணா தடுத்துவிடுவார். "வரேக்கை வரட்டும். நான்தானே பிந்தி வந்தனான்" என்பார். ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தங்கச்சி, இண்டைக்குச் சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை வந்திட்டன் எண்டு என்னை ஏசினவள். நல்லா ஏசினவள்!" என்றார். பரிசு விழுந்த மனிதர்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

அவர்கள் வந்த மூன்றாவது வருடம் அண்ணாவுக்கு இரைப்பையில் நோய் என்று சொன்னார்கள். அண்ணா அதையும் அதிகம் பேசவில்லை. நடக்க முடிந்த வரை வேலை செய்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார், வீடு திரும்பவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். இரவும் பகலும் மாறி மாறிக் கட்டிலடியில் நின்ற உறவுகளுக்கும், சமைத்து அனுப்பிய பெண்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத் தந்தைக்கும், கடை பூட்டிவிட்டு அடக்கத்துக்கு வந்த கபோ வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மச்சாளும் பிள்ளையும் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அதற்கு வேண்டிய எல்லாக் கையெழுத்தையும் மறுபடி வைத்த சின்யோராவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்தன்று தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த என் அண்ணாவுக்கு, உயிரோடு இருந்தபோது சொல்லாத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

கடைசி நன்றி என் மருமகளுக்கு. கடைசி நாளுக்கு முதல் நாள், அண்ணாவின் அறை வாசலில் தாதி எங்களை நிறுத்தினார். நோயாளி களைத்திருக்கிறார், ஒருவர் மட்டும் போகலாம், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். மச்சாளுக்கு அழுகையில் இத்தாலியன் வரவில்லை. நான் வாயைத் திறக்குமுன் பிள்ளை எங்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"நான் மகள். உள்ளே இருக்கிறது என்ர அப்பா" என்று, பலெர்மோப் பிள்ளைகள் பேசும் அதே உரத்த இத்தாலியனில் சொன்னாள்.

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணா விழித்திருந்தார்.